நல்ல நாளில் எடுத்த சாம்பிள்

கோவில்பட்டி
9-6-2024

அன்புத் தங்கை சுகுணாவுக்கு அண்ணன் லிங்கராஜ் எழுதிக்கொள்வது. செண்பகவல்லி அம்மன் புண்ணியத்தில் இங்கே எல்லோரும் சுகம். பெங்களூர்க் குளிர் உனக்கு ஒத்துக்கொள்கிறதா, நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா என்று எழுது.

இந்தக் காலத்தில் கடிதமா என்று சிரிக்காதே. போனில் பேசினால் நம் இருவருக்கும் ஐந்தாவது நிமிடம் சண்டை வந்துவிடுகிறது. போன தீபாவளியன்று நீ என் மகள் செண்பகாவை விரதம் இருக்கவிடாதீர்கள் என்றாய். ஏன் என்று கேட்டதற்குக் காரணம் சொல்லவில்லை. எனக்குக் கோபம் வந்து, "பிள்ளை பெறாதவளுக்குப் பிள்ளை வளக்கத் தெரியுமாக்கும்" என்று சொல்லிவிட்டேன். தப்புதான். சொன்ன வாயால் திரும்பப் போன் செய்ய வெட்கமாக இருக்கிறது. அதனால் கையை நம்பி உட்கார்ந்திருக்கிறேன்.

விஷயம் என்னவென்றால், நம் தீப்பெட்டி ஆபீஸில் பெட்டி அடைக்கும் முத்துமாரியம்மாளுக்கு ஒரு மகள். பி.காம். முடித்தவள், வயது இருபத்துமூன்று. இரண்டு வருடமாக அவளுக்கு வயிற்றுவலி வந்து வந்து போகிறது. வந்தால் சும்மா வருவதில்லை, சுவரில் தலையை முட்டிக்கொள்ளும் வலி. ஸ்கேன் எல்லாம் எடுத்தாயிற்று. ஒரு டாக்டர் குடல்வால் என்று சொல்லி அறுத்தும் எடுத்துவிட்டார். வலி போகவில்லை. இன்னொருவர், "வலி வயித்துல இல்ல, மனசுல" என்று தூக்க மாத்திரை எழுதினார். அதைச் சாப்பிட்ட வாரம் இன்னும் மோசம்.

வைகாசி விசாகத்துக்கு மூன்று நாள் விரதம் இருந்தாள். மூன்றாம் நாள் வலி பிடித்தது. கழுகுமலைக் கோயிலில் விரதம் இருந்தவர்களுக்குக் கொடுத்த, கருப்பட்டி கரைத்த பானக்காரத்தை இரண்டு சொம்பு குடித்தாள். ஒரே நாளில் வலி இறங்கிவிட்டது. எல்லாம் முருகன் செயல். அதனால் வருகிற கந்தசஷ்டிக்கு ஆறு நாளும் தண்ணீர் மட்டும் குடித்து விரதம் இருப்பதாக நேர்ந்திருக்கிறாள்.

வலி வரும் நாட்களில் சிறுநீர் வரக்காப்பி நிறத்தில் போகிறது. உன் மதினி அதைப் பார்த்துவிட்டு மூலையில் உட்கார்ந்து அழுதாள். நீ ரத்தம், ஈரல் என்று ஆராய்ச்சி செய்கிறவள் ஆயிற்றே, உனக்கு ஏதாவது தெரியுமா?

வழக்கம்போல் இரண்டு கிலோ கடலைமிட்டாய் தனியே அனுப்பியிருக்கிறேன். ஐம்பதை நெருங்கும் வயதில் மாதம் இரண்டு கிலோ கடலைமிட்டாய் தின்னும் விஞ்ஞானியை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

உன் சுகத்தை எழுது.
அண்ணன்
லிங்கராஜ்


பெங்களூரு
24-7-2024

அன்புள்ள அண்ணனுக்கு சுகுணா வணக்கத்துடன் எழுதுவது. நான் நலம். மதினியின் முழங்கால் வலி தேவலையா? கடலைமிட்டாய் வந்தது. கிண்டலும் கூடவே வந்தது.

பதில் எழுத ஆறு வாரம் ஆகிவிட்டது. இங்கே வேலை அதிகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தீபாவளிச் சண்டையை நான் மறந்துவிட்டேன், நீங்களும் மறந்துவிடுங்கள்.

நீங்கள் எழுதியதைப் படித்ததும் நான் ஆராய்ச்சி செய்கிற நோய் ஒன்று ஞாபகம் வந்தது. போர்ஃபிரியா என்று பெயர். உங்கள் ஆபீஸை வைத்தே சொல்கிறேன். குச்சி அடுக்க ஓர் அறை, மெழுகில் முக்க ஓர் அறை, மருந்து முக்க ஓர் அறை, பெட்டி அடைக்க ஓர் அறை. ரத்தத்துக்குச் சிவப்பு தருகிற பொருளும் நம் உடம்பில் அப்படித்தான் எட்டு அறை தாண்டி உருவாகிறது. சிலருக்குப் பிறவியிலேயே மூன்றாவது அறையில் பாதி ஆட்கள்தான். சாதாரண நாளில் அது யாருக்கும் தெரியாது, பாதிப் பேரே சமாளித்துவிடுவார்கள். ஆனால் வயிற்றைக் காயப்போட்டால் முதல் அறைக்கு "சரக்கை அள்ளிவிடு" என்று உத்தரவு போய்விடும். சில மருந்துகளுக்கும் அதே குணம். மூன்றாவது அறை வாசலில் சரக்கு மலையாகக் குவியும். அது விஷம். வலி வயிற்றில்தான் தெரியும், ஆனால் கெடுவது நரம்பு. விட்டுவிட்டால் கை கால் விழும், மூச்சும் நிற்கலாம். சர்க்கரை உள்ளே போனால் முதல் அறை கை ஓயும். பானக்காரத்தில் வலி இறங்கியது அதனாலும் இருக்கலாம்.

இது அந்த நோய்தான் என்று சொல்லவில்லை. சிறுநீரைப் பார்த்தால் தெரிந்துவிடும். சுத்தமான பாட்டிலில் சாம்பிள் எடுத்து, வெளிச்சமே படாமல் கறுப்புத் தாளில் சுற்றி, ஐஸ் பெட்டியில் வைத்து அனுப்புங்கள். முடிவு தெரியும்வரை அந்தப் பெண் ஒருவேளைகூடப் பட்டினி கிடக்கக்கூடாது.

செண்பகா எப்படி இருக்கிறாள்? நான்கு பக்கக் கடிதத்தில் அவள் சுகத்தைப் பற்றி ஒரு வரியும் இல்லையே.

மதினிக்கு என் அன்பு.
சுகுணா


கோவில்பட்டி
18-8-2024

தங்கை சுகுணாவுக்கு ஆசியுடன் லிங்கராஜ். அனைவரும் நலம். ஆடி போய் ஆவணி பிறந்தும் கரிசலில் ஒரு தூறல் விழவில்லை. விதை வாங்கி வைத்துக்கொண்டு சம்சாரிகள் வானத்தைப் பார்க்கிறார்கள். எங்கள் தொழிலுக்கு இந்த வெயில் நல்லது. அதை அவர்கள் காதுபடச் சொன்னால் அடிப்பார்கள்.

இந்தக் கடிதத்தைக் கொண்டுவருகிற வேல்சாமி நம் ஆபீஸ் மேஸ்திரி. பத்து வருடமாக என்னோடு இருப்பவர், நம்பிக்கையான ஆள். ஓசூர்ப் பக்கம் நம் தீப்பெட்டி வாங்கும் கடைகளைப் பார்க்கப் போகிறவரை உன்னிடமும் அனுப்புகிறேன். நீ சொன்னபடியே கறுப்புத் தாள், ஐஸ் பெட்டி எல்லாம் செய்திருக்கிறேன்.

சாம்பிள் விஷயத்தில் நான் அவசரப்படவில்லை. ஆடிக் கிருத்திகை சமயத்தில் அந்தப் பிள்ளைக்குக் கொஞ்சம் வலி இருந்தது. அப்போது எடுக்கவேண்டாம் என்று நிறுத்திவைத்தேன். இப்போது இரண்டு வாரமாக மூன்று வேளையும் நன்றாகச் சாப்பிட்டு, முகம் தெளிந்து நடமாடுகிறாள். அந்தச் சமயம் பார்த்து எடுத்திருக்கிறோம். தண்ணீர் மாதிரி தெளிவாக இருக்கிறது, நீயே பார்.

செண்பகாவைக் கேட்டிருந்தாய். நன்றாக இருக்கிறாள்.

லிங்கராஜ்


பெங்களூரு
2-9-2024

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம். அங்கும் அதுவே இருக்க வேண்டும்.

சாம்பிள் பார்த்துவிட்டேன். எல்லாம் சரியான அளவில் இருக்கிறது. அந்த நோய் இல்லை. கவலையை விடுங்கள். பானக்காரம் குடித்ததும் வலி நின்றது தற்செயலாக இருக்கலாம். வலிக்கு வேறு காரணம் தேடச் சொல்லுங்கள்.

இன்றைக்கு எனக்கு ரொம்பச் சந்தோஷமாக இருக்கிறது. ஆய்வுக்கூடத்தில் எல்லோருக்கும் கடலைமிட்டாய் கொடுத்தேன்.

வேல்சாமி அண்ணாச்சி நல்ல மனிதர். ஒரு டீ குடிக்கச் சொன்னதற்கு, "முதலாளி பெட்டியக் கையில வச்சிக்கிட்டு எப்படிம்மா டீ குடிக்க" என்றார்.

சுகுணா


கோவில்பட்டி
21-10-2024

அன்புத் தங்கைக்கு அண்ணன் எழுதுவது. நாங்கள் சுகம். வழக்கத்தைவிடக் கூடுதல் சுகம் என்றே எழுதலாம்.

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். முத்துமாரியம்மாளிடம் சொன்னேன், அவளுக்கும் சந்தோஷம். உன் மதினி அன்றைக்கே பாயசம் வைத்துவிட்டாள்.

செண்பகாவுக்குச் சாத்தூரிலிருந்து நல்ல இடம் வந்திருக்கிறது. பையன் பருப்பு மில் பார்க்கிறான். பெண் பார்த்துப் போனார்கள், பிடித்துவிட்டது. தை பிறந்ததும் நிச்சயம் வைத்துக்கொள்ளலாம் என்கிறார்கள். நீ வரவேண்டும். ஆராய்ச்சி ஒருநாள் காத்திருக்கும்.

நோய் இல்லை என்று நீயே எழுதிவிட்டதால் சஷ்டி விரதத்துக்கும் தடை இல்லை. முத்துமாரியம்மாள் மகள் ஆறு நாளும் தண்ணீர் விரதம் இருக்கப்போகிறாள். கல்யாணத்துக்கு முன்னால் நேர்ச்சையை முடித்துவிட்டால் நிம்மதி. செண்பகாவும் துணைக்கு இருக்கிறாள். நவம்பர் இரண்டாம் தேதி ஆரம்பம்.

தீபாவளிக்குச் சேர்த்து நான்கு கிலோ அனுப்பியிருக்கிறேன். பல் பத்திரம்.

லிங்கராஜ்


பெங்களூரு
7-11-2024, பகல் 12 மணி

அண்ணனுக்கு,

சற்றுமுன் போனில் நீங்கள் சொன்னது எல்லாம் கேட்டது. "ஏட்டி சுகுணா, செண்பகாவுக்குக் கை தூக்க முடியலட்டி" என்று நீங்கள் அழுததும் கேட்டது. இனிமேல் முத்துமாரியம்மாள் மகள் என்ற பேச்சு வேண்டாம்.

இதைப் படமெடுத்து அனுப்புகிறேன். திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் பெரிய டாக்டரிடம் காட்டுங்கள். கூடவே ஆங்கிலத்தில் அவருக்குத் தனிக் கடிதமும் மருந்துப் பட்டியலும் அனுப்பியிருக்கிறேன். போனிலும் அவரோடு பேசுகிறேன். நீங்கள் செய்ய வேண்டியது இது மட்டும்.

குளுக்கோஸ் ஏற்ற வேண்டும், இப்போதே. விரதம் முடியவில்லை என்று யார் தடுத்தாலும் கேட்காதீர்கள். மதினியிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள், பாவம் வந்தால் எனக்கு வரட்டும்.

பட்டியலில் சிவப்புக் கோடு போட்ட மருந்து எதையும் கொடுக்கக்கூடாது. தூக்க மருந்துகளும் அதில் இருக்கின்றன.

சிறுநீர் சாம்பிள் இன்றைக்கே வேண்டும். குளுக்கோஸ் ஏறுவதற்கு முன்பே, இந்த வலியிலேயே, எந்த நிறத்தில் இருந்தாலும் அப்படியே எடுங்கள். வெளிச்சம் படக்கூடாது. வேல்சாமி அண்ணாச்சியை இன்றைய ரயிலில் ஏற்றிவிடுங்கள். காலையில் நானே ஸ்டேஷனில் நிற்பேன்.

இதற்கு மருந்து இருக்கிறது. கிடைப்பது கஷ்டம், ஆனால் எனக்கு வழி தெரியும். அவளிடம் அத்தை சொன்னதாகச் சொல்லுங்கள், கை திரும்பி வரும்.

சுகுணா


திருநெல்வேலி
16-11-2024

அன்புத் தங்கைக்கு,

செண்பகா சுகம். இந்த ஒரு வரியை முதலில் எழுதவேண்டும் என்று காலையிலிருந்து பேனாவைக் கையில் வைத்திருக்கிறேன். நீ அனுப்பிய மருந்து நான்கு நாள் ஏறியது. வலி நின்றுவிட்டது. நேற்று இட்லி கேட்டாள். நான்கு சாப்பிட்டாள். கை இன்னும் முழுக்க வரவில்லை, டம்ளரைப் பிடித்தால் நழுவுகிறது. ஆறு மாதம் பயிற்சி செய்தால் வந்துவிடும் என்று டாக்டர் சொல்கிறார்.

அவர் உன் கடிதத்தைப் படித்துவிட்டு என்ன சொன்னார் தெரியுமா? "இந்த நோயப் புஸ்தகத்துலதான் பாத்திருக்கேன், பேரு சொன்ன உங்க தங்கச்சிக்குத்தான் புண்ணியம்" என்றார். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

இப்போது நான் சொல்லவேண்டியதைச் சொல்கிறேன். முதல் கடிதத்திலிருந்தே அது செண்பகாதான். முத்துமாரியம்மாளுக்கு மகளே கிடையாது, மூன்றும் பையன்கள். தீபாவளியன்று உன்னை அப்படிப் பேசிவிட்டு, நீ சொன்னது சரியாகப் போச்சு என்று எந்த முகத்தோடு எழுத? அதோடு பெண்ணுக்கு நோய் என்று எழுத்தில் வந்துவிட்டால் கல்யாணத்துக்கு இடைஞ்சல் என்று ஒரு பயம். ஆஸ்பத்திரிக்கு என்னைப் பார்க்க வந்த முத்துமாரியம்மாள், "அண்ணாச்சி, எம் பேரச் சொல்லித்தான் எழுதுனியளா, நேர கேட்டிருந்தா ஒரு மகளப் பெத்தே குடுத்திருப்பேன்லா" என்றாள். அந்த இடத்திலும் எல்லோரும் சிரித்துவிட்டோம்.

சாம்பிள் விஷயம்தான் என்னைத் தூங்கவிடவில்லை. வேண்டுமென்று செய்யவில்லை அம்மா. முப்பது வருடம் இந்தத் தொழில். ஒரு கடைக்காரன் சாம்பிள் கேட்டால் இருக்கிறதில் நல்ல பண்டலாகப் பார்த்து, ஒவ்வொரு பெட்டியாகத் திறந்து, தலை உடைந்த குச்சியைப் பொறுக்கிப் போட்டுவிட்டுத்தான் அனுப்புவேன். நமத்த பெட்டியை நான் யாருக்கும் அனுப்பியதில்லை. நீ சாம்பிள் என்று எழுதியதும் என் கை தானாக அப்படியே செய்துவிட்டது. பிள்ளை நன்றாக இருக்கிற நாளாகப் பார்த்து, அதிலும் காலையில் எடுத்தது கொஞ்சம் மஞ்சளாக இருந்தது என்று கொட்டிவிட்டு, மத்தியானம் தெளிவாக வந்ததை அனுப்பினேன். இதைக் கேட்டு டாக்டர் தலையில் அடித்துக்கொண்டார்.

அவளுக்குக் கை விழுந்தபோது எனக்கு அம்மா ஞாபகம்தான் வந்தது. அம்மாவுக்கும் முதலில் வயிற்றுவலி, பிறகு கை, பிறகு மூச்சு. அப்போது எனக்குப் பதினைந்து வயது, உனக்குப் பத்து. நான் அதைச் செய்வினை என்றே இத்தனை நாள் நம்பியிருந்தேன். அதுவும் இதுதானா, சுகுணா?

பதில் எழுது.
லிங்கராஜ்


பெங்களூரு
25-11-2024

அன்புள்ள அண்ணனுக்கு,

செண்பகா சாப்பிட்ட இட்லிக் கணக்கைத் தினமும் மதினி போனில் சொல்கிறார்கள். எனக்கு அதுவே போதும்.

சாம்பிள் முடிவு வந்துவிட்டது. போர்ஃபிரியாதான். சந்தேகமே இல்லை. ஜன்னலோரம் ஒரு சொட்டு வைத்துப் பார்த்தேன், ஒரு மணி நேரத்தில் சிவந்துவிட்டது.

ஆமாம் அண்ணா, அம்மாவுக்கும் இதுதான். அந்த மந்திரவாதி முற்றத்து வெயிலில் வைத்த மண்சட்டியைக் காட்டி, "ரத்தமாப் போவுது, செய்வினைதான்" என்றானே, அது ரத்தமில்லை. வெயில் பட்டுச் சிவந்தது. பதினொரு நாள் விபூதித் தண்ணீர் மட்டும் கொடுக்கச் சொன்னான். நாமும் கொடுத்தோம். யாரையும் குற்றம் சொல்ல எனக்கு மனசில்லை. அன்றைக்கு யாருக்கும் தெரியாது.

ஆனால் எனக்குத் தெரியும். இருபத்தொரு வருடமாகத் தெரியும். இதைப் படித்துவிட்டு நீங்கள் என்னோடு பேசாமல் போனாலும் சரி, இனிமேல் மறைக்க முடியாது.

நான் ஆராய்ச்சியில் சேர்ந்த புதிதில் நோயாளியின் சாம்பிளோடு ஒப்பிட நோயில்லாத ஒருவரின் சாம்பிள் தேவைப்பட்டது. எல்லா மாணவர்களும் செய்வதைப்போல என்னுடையதையே வைத்தேன். நோயாளியுடையதைவிட என்னுடையது அதிகம் காட்டியது. அன்றைக்குத்தான் அம்மா எப்படிச் செத்தாள் என்று தெரிந்தது. நீங்கள் பார்த்த சிவகாசி மாப்பிள்ளையைக் காரணம் சொல்லாமல் வேண்டாம் என்றேனே, அது அதற்கு அடுத்த மாதம்.

இது பெற்றவரிடமிருந்து பிள்ளைக்கு வருவது. பாதிப் பிள்ளைகளுக்கு வரும், பாதிப் பிள்ளைகளுக்கு வராது. அம்மாவிடமிருந்து எனக்கு வந்தது. உங்களுக்கும் வந்திருக்க வேண்டும், இல்லாமல் செண்பகாவுக்குப் போயிருக்காது. ஆண்களுக்குப் பெரும்பாலும் வலி காட்டாது. எனக்கு இது தெரிந்தபோது செண்பகாவுக்கு இரண்டு வயது. வெளியே சொன்னால் உங்கள் வீட்டுக்கு ஒரு சம்பந்தமும் வராது என்று பயந்து வாயை மூடிக்கொண்டேன். தீபாவளியன்று விரதம் வேண்டாம் என்றவள், ஏன் என்று கேட்டதற்குப் பதில் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நீங்கள் கேட்டிருப்பீர்கள்.

உங்கள் முதல் கடிதத்தில் மதினி அழுதார்கள் என்ற வரியிலேயே அது செண்பகா என்று தெரிந்துவிட்டது. அதனால்தான் பதில் எழுத ஆறு வாரம். வலி நாளில் சாம்பிள் எடுங்கள் என்று எழுதாமல் விட்டேன். மறந்தேனா, மறக்க ஆசைப்பட்டேனா என்று எனக்கே தெரியவில்லை. நல்ல நாளில் எடுத்தோம் என்று நீங்கள் தெளிவாக எழுதியிருந்தீர்கள். வேறு யாருடைய சாம்பிளாக இருந்தாலும் திருப்பி அனுப்பியிருப்பேன். நமக்கு வேண்டிய பதில் வந்ததும் வாங்கி வைத்துக்கொண்டு மிட்டாய் கொடுத்தேன். உங்களுடையது தொழில் பழக்கம். என்னுடையது தொழிலுக்கே துரோகம்.

அக்டோபர் கடிதம் தீபாவளி விடுமுறையில் இங்கே பெட்டியில் கிடந்து, ஐந்தாம் தேதிதான் கைக்கு வந்தது. செண்பகாவும் துணைக்கு இருக்கிறாள் என்று இருந்தது. உடனே உங்கள் நம்பரைப் போட்டேன். மணி அடிக்கும் முன்பே வைத்துவிட்டேன். இரண்டு நாள் அப்படியே இருந்தேன். அந்த இரண்டு நாளில்தான் அவள் கை விழுந்தது.

ஒன்று மட்டும் பாக்கி. எனக்கு இதுவரை ஒருமுறைகூடப் பெரிய வலி வந்ததில்லை. இரண்டு மணி நேரத்துக்கு ஒருதடவை, பசித்தாலும் பசிக்காவிட்டாலும், மேஜை டப்பாவிலிருந்து ஒரு கடலைமிட்டாய் எடுத்துக்கொள்வேன். நீங்கள் கிண்டல் செய்துகொண்டே இருபத்தொரு வருடமாக எனக்கு மருந்து அனுப்பியிருக்கிறீர்கள் அண்ணா.

மன்னிக்க முடிந்தால் மன்னியுங்கள்.
சுகுணா


பெங்களூரு
19-1-2025

அன்புள்ள அண்ணனுக்கு,

பொங்கல் வாழ்த்து. எல்லோரும் நலமென்று நம்புகிறேன். மதினியிடம் போனில் கேட்டால், "அவிய ஆபீஸுக்குப் போறாவ, வாராவ, பேச்சே இல்ல" என்கிறார்கள்.

டிசம்பர் பார்சல் வந்தது. ஜனவரி பார்சலும் வந்தது. உள்ளே ஒரு துண்டுச் சீட்டாவது இருக்குமா என்று மிட்டாயை எல்லாம் வெளியே கொட்டிப் பார்த்தேன், இல்லை. ஆனால் இரண்டு கிலோ இப்போது மூன்று கிலோவாகியிருக்கிறது. கோபத்தில் இருப்பவர் ஒரு கிலோ கூட்டி அனுப்புவாரா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

சுகுணா


கோவில்பட்டி
2-2-2025

தங்கை சுகுணாவுக்கு லிங்கராஜ்.

நாங்கள் சுகம். கோபம்தான். இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். இருபத்தொரு வருடம் ஒரு வார்த்தை சொல்லாமல் இருந்திருக்கிறாயே என்று ஒரு மாதம் உன்மேல் கோபம். செண்பகாவுக்காக வாயை மூடிக்கொண்டு, ஒரு துணையில்லாமல், வலி எப்போது வருமோ என்று நீ தனியாகக் காத்துக்கொண்டு இருந்திருக்கிறாய் என்று அடுத்த மாதம் என்மேல் கோபம். உன்னைப் பார்த்துப் பிள்ளை பெறாதவள் என்று சொன்ன வாயை என்ன செய்ய? இரண்டு கோபமும் தீர்ந்தால்தான் எழுதுவது என்று இருந்தேன். உன் கடிதம் வந்துவிட்டது. சின்னவள் இறங்கி வந்த பிறகு பெரியவன் முறைத்துக்கொண்டிருந்தால் நன்றாகவா இருக்கும்?

போனதை விடு. நான் செய்த தப்பும் நீ செய்த தப்பும் சேர்ந்துதான் பிள்ளையைப் படுக்கவைத்தது. நீ படித்த படிப்புதான் எழுப்பியும் விட்டது.

சாத்தூர்க்காரர்களுக்கு உள்ளதை உள்ளபடி எழுதிவிட்டேன். செண்பகாதான் எழுதச் சொன்னாள். இதுவரை பதில் இல்லை. வந்தால் வரட்டும், வராவிட்டால் போகட்டும். எழுதிப் போட்ட அன்றைக்கு நான் நன்றாகத் தூங்கினேன், அதுவே எனக்கு ஆச்சரியம்.

உன் மதினியிடம் நீ போனில் கேட்டபடி என் ரத்தத்தை எடுத்து, வேல்சாமி வசம் அனுப்பியிருக்கிறேன். லேப் பையனிடம் எந்தக் கிழமை எடுத்தால் நல்லது என்று கேட்டேன். "ரத்தத்துல நல்லது பாத்துப் பொறுக்க முடியாது அண்ணாச்சி, இருக்கதுதான் வரும்" என்றான். அதனால் இந்தத் தடவை உள்ளதுதான் வருகிறது.

அண்ணன்
லிங்கராஜ்


கோவில்பட்டி
13-4-2025

அன்புள்ள அத்தைக்குச் செண்பகா எழுதுவது. நான் நலம். அப்பா, அம்மா நலம்.

எழுத்து கோணலாக இருக்கும், கோபித்துக்கொள்ளாதீர்கள். ஒரு பக்கம் எழுத ஒரு மணி நேரம் ஆகிறது. அப்பா எழுதித் தருகிறேன் என்றார். அவர் எழுதினால் நன்றாக இருக்கிற வார்த்தையாகப் பொறுக்கிவிடுவார், வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். போன மாதம் சட்டைப் பொத்தான் நானே போட்டேன். அம்மா தெருவில் எல்லோரிடமும் சொல்லிவிட்டு வந்தாள்.

அப்பாவுக்கும் இருக்கிறது என்று நீங்கள் சொன்ன நாளில் அப்பா வருத்தப்படுவார் என்று பயந்தோம். "அம்மைக்கி இருந்தது எனக்கும் இருக்குன்னா சரிதான்" என்று மட்டும் சொன்னார். ஆபீஸ் டிராயரில் இப்போது ஒரு டப்பா கடலைமிட்டாய் இருக்கிறது. நான் கையை நீட்டினால், "ஏட்டி, மருந்துட்டி" என்கிறார்.

சஷ்டி நேர்ச்சையைப் பாதியில் விட்டுவிட்டோமே என்று அம்மாவுக்கு மட்டும் உறுத்தல். சாமி கோபித்துக்கொள்ளுமோ என்று ஐந்து மாதமாக நெஞ்சில் வைத்திருந்தாள். நேற்று முன்தினம் பங்குனி உத்திரத்துக்குக் கழுகுமலை போனோம். விரதம் இருந்து நடந்து வந்தவர்களுக்கு நாங்கள் பந்தல் போட்டுப் பானக்காரம் கொடுத்தோம். கருப்பட்டியை அப்பா உடைத்தார், முத்துமாரியம்மாள் அக்கா வடிகட்டினார்கள், வேல்சாமி மாமா தண்ணீர் தூக்கினார். நான் ஊற்றினேன். இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டால் சொம்பு நழுவவில்லை அத்தை.

என் வயதில் ஒரு பெண் வந்து மூன்று டம்ளர் வாங்கிக் குடித்தாள். அம்மா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் கோபுரத்தைப் பார்த்துத் திரும்பி, பக்கத்து வீட்டு ஆளிடம் பேசுவதுபோலச் சத்தமாகவே சொன்னாள்: "ஏ முருகா, வருசா வருசம் எம்பிள்ளைக்கி நீ பானக்காரந்தான் குடுத்த. பட்டினிய நான்லா குடுத்திருக்கேன்." அங்கேயே உட்கார்ந்து அழுதாள். அழுது முடித்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டு, எனக்கு ஒரு சொம்பு ஊற்றிக் கொடுத்துவிட்டு, தனக்கும் ஒன்று ஊற்றிக்கொண்டாள்.

அத்தை, மே மாதம் லீவு போட்டுவிட்டு வாருங்கள். அப்பா ஸ்டேஷனுக்கு வருவார். நேரில் பார்த்தால் உங்கள் இருவருக்கும் ஐந்தாவது நிமிடம் சண்டை வரும், வரட்டும். நம் வீட்டில் காலை எட்டு மணிக்கு, பகல் ஒரு மணிக்கு, இரவு எட்டு மணிக்குச் சாப்பாடு. மூன்று வேளையும் உங்களுக்கும் சேர்த்தே இலை போடச் சொல்லியிருக்கிறேன்.

அன்புடன்
செண்பகா